ஒரு முளை அதிகம்

மாமியார் ஈரக் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, புதுக் கம்ப்யூட்டர் பெட்டியின் உச்சியில் இருந்த வட்டப் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தினார். உள்ளே விசிறி அரைச் சுற்று சுற்றியது. ஒரு சின்ன விளக்கு மினுக்கியது. பிறகு இரண்டும் அடங்கிவிட்டன. கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த மருமகள் கையை இறக்காமலே, “இன்னொரு தடவை அழுத்துங்க அத்தை” என்றாள். அழுத்தினார். அதே அரைச் சுற்று, அதே மினுக்கல், அதே அமைதி. அடுத்த முறை, ஆள் இருந்தும் திறக்காத வீட்டின் அழைப்பு மணியை அழுத்துவதுபோல் பலமாக அழுத்திவிட்டு, மாமியார் தன் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்த விரலுக்கு இப்படி ஓர் அவமானம் இதுவரை நேர்ந்ததில்லை.

அவருடைய கைராசி சொந்தபந்தம் முழுக்கப் பிரசித்தம். யார் வீட்டில் புதுத் தையல் மிஷின் வாங்கினாலும், யார் கடை திறந்தாலும், முதலில் தொட்டுக் கொடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு முறை எவ்வளவோ பேர் தள்ளியும் கிளம்பாத வேன், அவர் ஏறி உட்கார்ந்ததும் கிளம்பியதாம். அந்தக் கதையை அவர் தன் வாயால் சொல்லமாட்டார். பக்கத்தில் இருப்பவர்களைச் சொல்ல வைத்துவிட்டு, “அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்பார். வீட்டில் எது புதிதாக வந்தாலும் அவர்தான் முதலில் போட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

அவருடைய கணவருக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தெருவில் அவருக்கு அலமாரிக்காரர் என்று பெயர். வீட்டின் பின்பக்கத்தில் பட்டறை போட்டு, சமையலறை அலமாரி, துணி அலமாரி, சுவரோடு மடிகிற மேசை எல்லாம் செய்து கொடுக்கிறார். கைக்கு வேலை ஓய்வதில்லை. வீட்டுப் பேச்சில் அவர் பங்கு பெரும்பாலும் ‘ம்’ தான். அதையும் அவர் மனைவி, “என்ன ம்? ஆமாவா இல்லையா?” என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

மருமகள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மிக்ஸி புகைந்தது. புகைய வேண்டிய வயது அதற்கு எப்போதோ வந்துவிட்டது. பிறகு தண்ணீர் மோட்டார் நின்றது, இஸ்திரிப் பெட்டி சூடேற மறுத்தது. எல்லாமே அவள் ஸ்விட்சில் கை வைத்த நேரம். “நம்ம மருமக தொட்டா மிஷினுக்கெல்லாம் வெக்கம் வந்துடுது” என்று மாமியார் சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. மகன் அதைப் பிடித்துக்கொண்டு போனில் கேலி செய்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அலமாரிக்காரர் ஒன்றைக் கவனித்திருந்தார். துணி துவைக்கும் மிஷினில் துணியைப் போட்டு, சோப்புத் தூளைப் போட்டு, மூடியை மூடிவிட்டு, “அத்தை, வந்து போட்டுடறீங்களா” என்று அவள் கூப்பிடுவாள். ஒரு பொத்தான் தூரம்தான் இருக்கும். அந்தக் குரலைக் கேட்டால் அவருக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஆனால் என்ன சொல்வது என்று தெரியாமல் பட்டறைக்குப் போய்விடுவார்.

அதனால்தான் கம்ப்யூட்டரை உதிரிப் பாகங்களாக வாங்கித் தானே பூட்டப்போவதாக அவள் சொன்னபோது வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வீட்டு உள்அலங்காரம் செய்கிற ஒரு கம்பெனிக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அவர்கள் அறையின் வரைபடத்தை அனுப்புவார்கள். இவள் அதைச் சன்னல் வெளிச்சமும் திரைச்சீலை நிழலும் விழுகிற நிஜ அறையின் படம்போல ஆக்கிக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். மாதிரிக்கு ஒரு படம் திங்கட்கிழமை காலைக்குள் போய்ச் சேர வேண்டும். அவளுடைய பழைய லேப்டாப் அதற்கான மென்பொருளைத் திறந்தாலே மூச்சு வாங்கியது. வேறு ஊரில் வேலை பார்க்கிற கணவன், “கடையிலேயே பூட்டித் தருவாங்க, எதுக்கு ரிஸ்க்?” என்றான். அவள் கேட்கவில்லை. இது சரிவரவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது, அவன் பேசி வைத்திருந்த துணிக்கடையில் பில் போடும் வேலை. கல்யாணத்துக்கு முன் பல வருடம் அவள் செய்த வேலை. அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவள் முகம் சின்னதாகிவிடும்.

சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசை மேல் பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் பரப்பினாள். கோந்து காய்வதற்காகப் பட்டறையில் வேலை நின்றிருந்ததால் அலமாரிக்காரரும் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கறுப்புத் தகரப் பெட்டியை அவள் கேபினெட் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆயுள் முழுக்கக் கேபினெட் செய்தவர் அவர். தட்டிப் பார்த்தார். மெல்லிய தகடு, மூலையில் இணைப்பு சுமார். இருந்தாலும் மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியின் உள்சுவரில் சின்னச் சின்னப் பித்தளை முளைகள் திருகப்பட்டிருந்தன. அவற்றின் மேல்தான் மதர்போர்டு என்கிற பச்சைப் பலகை உட்கார வேண்டும். அவள் கையேட்டைப் பார்த்து, பலகையின் ஓட்டைகளுக்கு நேராக முளைகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். அவள் வேலை செய்கிற முறை அவருக்குப் பிடித்திருந்தது. எடுத்த திருகை எடுத்த இடத்திலேயே வைக்கிறாள், முதலிலேயே இறுக்கிவிடாமல் எல்லாவற்றையும் பாதி திருகிவிட்டுப் பிறகு முடுக்குகிறாள். பட்டறைக்கு வேலைக்கு வருகிற பையன்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

பலகையை வைத்துப் பார்த்தாள். அது பெட்டியை விடச் சின்னது. ஒரு பக்க ஓரம் எந்த முளையும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. அகலமான ஒயரை அந்த ஓரத்தில் செருகிப் பார்த்தபோது பலகை வளைந்ததை அவர் பார்த்தார். அவருக்கு உடம்பு கூசியது. அதற்குள், பலகைக்கு முன்பே பொருத்த வேண்டிய பெட்டியின் பின்பக்கத் தகட்டை மறந்துவிட்டது நினைவுக்கு வர, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பலகையைக் கழற்றி அதன் அட்டைப் பெட்டி மேல் வைத்தாள். அந்த நேரம் கணவனின் போன் வந்தது. கீழே பேசினால் பாதிதான் கேட்கும் என்பதால் மாடிக்குப் போனாள்.

தாங்கல் இல்லாத பலகையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அலமாரிக்காரரால் முடியாத காரியம். தட்டு நீளமாக இருந்தால் நடுவில் ஒரு கால் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்றைக்கில்லை என்றாலும் நாளைக்குத் தொய்யும். இதை அவர் யோசித்துச் செய்வதில்லை, கை செய்துவிடும். உள்சுவரில் உபயோகிக்காத ஓட்டைகள் நிறைய இருந்தன. பிளாஸ்டிக் உறையில் உபரியாக முளைகளும் இருந்தன. ஓரம் வந்து நின்ற இடத்தைக் கண்ணளவில் குறித்து, அதற்கு அடியில் வரும் ஓட்டையில் ஒரு முளையைத் திருகினார். மற்ற முளைகளோடு மட்டம் சரியாக இருக்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கச்சிதமாக இருந்தது.

திரும்பி வந்த மருமகள் தகட்டைப் பொருத்தி, பலகையை மறுபடி வைத்துத் திருகினாள். அகலமான ஒயரைச் செருகி அழுத்தினாள். பலகை அசையவில்லை. “இப்ப நல்லா கெட்டியா உக்காந்திருக்கு மாமா” என்றாள்.

“ம்” என்றார் அவர். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

அதன் பிறகுதான் மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்ததும், பெட்டி அரைச் சுற்றோடு படுத்துக்கொண்டதும்.

மதியம் முழுக்க அவள் அதோடு போராடினாள். பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி, அதன் ஒயர் முனையிலிருந்த இரண்டு ஓட்டைகளுக்கு இடையே ஒரு கம்பியை வளைத்துச் செருகினாள். அதன் விசிறி நிற்காமல் சுற்றியது. அப்படியென்றால் அதில் குற்றம் இல்லை. நினைவகப் பட்டைகளை எடுத்துத் துடைத்து, ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தாள். அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டாள். திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினாள். மேல்மூலையில் செருகும் நான்கு முனை ஒயரை இழுத்துவிட்டு மறுபடி செருகினாள். ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அவள் விரல் ஒரு கணம் தயங்கி நின்றது. அந்தத் தயக்கத்தைப் பார்க்க அலமாரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. பட்டறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்.

“நேரம் சரியில்லையோ என்னவோ” என்றார் மாமியார். சற்று நேரம் கழித்து, தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வதுபோல, “நான் அழுத்துனது சரியாத்தான் அழுத்துனேன். உள்ள எங்கயோ கோளாறு” என்றார். உள்ளே எல்லாவற்றையும் பூட்டியது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

“நான்தான் அத்தை எங்கயோ தப்பு பண்ணிருக்கேன்” என்றாள் மருமகள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் புது யோசனையோடு வந்தாள். இணையத்தில் எங்கோ படித்திருக்கிறாள். மதர்போர்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, வெறும் அட்டை மேல் வைத்து, அவசியமானதை மட்டும் செருகினாள். பொத்தானுக்குப் பதிலாக, திருப்புளி முனையால் பலகையின் இரண்டு ஊசிகளைச் சேர்த்து ஒரு கணம் தொட்டாள். விசிறி சுற்றியது. நிற்கும் என்று மூவரும் பார்த்தார்கள். அது நிற்கவில்லை. திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. மருமகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார், “அட, உசுரு இருக்குடி அதுக்கு” என்றார்.

“போர்டு நல்லாருக்கு அத்தை. எதுவும் கெட்டுப் போகல.”

“அப்புறம் நேத்து ஏன் அப்படிப் பண்ணுச்சு? அட்டைப் பெட்டியில வெச்சாத்தான் வேலை செய்யுமா?”

மருமகள் சிரித்தாள். முதல் நாள் மதியத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. “இதுக்குப் பின்பக்கம் பாருங்க, எவ்வளவு ஈயப் புள்ளி. அதுல இரும்பு, பித்தளைன்னு எது பட்டாலும் கரண்ட்டு போக வேண்டிய வழியில போகாம குறுக்க பூந்துடும். உடனே பவர் கட்டாயிடும். அதனாலதான் முளை வெச்சு தூக்கி வெக்கறாங்க. அதுவும் ஓட்டை இருக்கற இடத்துல மட்டும்தான் முளை இருக்கணும். வேற எங்கயும் படக் கூடாது. அட்டையில அந்தப் பயம் இல்ல.”

 அலமாரிக்காரர் திறந்து கிடந்த பெட்டியின் உள்சுவரைப் பார்த்தார். அவர் வைத்த முளை மற்ற முளைகளோடு ஒன்றாக, அதே உயரத்தில், யோக்கியமாக நின்றுகொண்டிருந்தது. தெரியாதவர் பார்த்தால் எது அவர் வைத்தது, எது பெட்டியோடு வந்தது என்று சொல்லவே முடியாது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவர் மனைவி மருமகளின் தோளைத் தட்டி, “பரவால்ல, கெட்டிக்காரிதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முளை போய் அப்படியெல்லாம் செய்துவிடுமா, வேறு எதுவாவது இருக்கும், என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். சொந்தத் தப்பு என்று வந்தால் மனுஷனுக்கு எவ்வளவு சீக்கிரம் சந்தேகம் வந்துவிடுகிறது.

மருமகள் பலகையை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். முளைகளைத்தான் முதல் நாளே சரிபார்த்தாகிவிட்டதே, இப்போது அவள் பார்வை முழுக்க ஒயர்களின் மேல்தான் இருந்தது. ஒவ்வொரு திருகையும் பூ வைக்கிற மாதிரி வைத்தாள். இந்த முறை மாமியாரைக் கூப்பிடவில்லை, தானே அழுத்தினாள். அரைச் சுற்று. மினுக்கல். அமைதி.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அலமாரிக்காரருக்கு அது தேவலையாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்தாள். “எல்லாம் நல்லாதான் இருக்கு அத்தை. நான் பூட்டினா மட்டும் செத்துப் போகுது” என்றாள். மாமியார் “காபி போடறேன்” என்று எழுந்து போனார். மருமகள் இயந்திரம்போலத் திருகுகளை அவிழ்த்து, பலகையைத் திரும்ப அட்டை மேல் வைத்தாள். எல்லாவற்றையும் கட்டி வைத்துவிடலாம், கணவனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

கூடத்தில் அவரும் பெட்டியும் மட்டும். அவர் எழுந்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை, மாடிப்படிப் பக்கம் ஒரு பார்வை. சொந்த வீட்டில் திருடனாக நிற்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முளையை விரலாலேயே திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.  மனசு லேசானது. இனி எல்லாம் சரியாகிவிடும், யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

மருமகள் இறங்கி வந்தாள். “அவரு நாளைக்குக் கடைக்காரரோட பேசறேன்னாரு மாமா. பில் போட ஆள் இன்னும் எடுக்கலையாம்” என்றாள். அட்டைப் பெட்டிகளைச் சேர்க்க ஆரம்பித்தாள்.

“இன்னும் ஒரே தடவை வெச்சுப் பாரும்மா.”

“வேணாம் மாமா.”

“எனக்காகப் பாரு.”

அவர் இப்படி எதையும் கேட்டவர் இல்லை. அதனால்தான் அவள் மறுக்க முடியாமல், கொஞ்சமும் நம்பிக்கை இல்லாமல், பலகையைத் தூக்கி உள்ளே வைத்தாள். திருகுகளை அரைகுறையாக முடுக்கினாள். காபியோடு வந்த மாமியாரைப் பார்த்து, “நீங்களே அழுத்திடுங்க அத்தை. கடைசியா ஒரு தடவை” என்றாள். மாமியார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பயந்துகொண்டே அழுத்தினார்.

விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் எழுத்துகள் வந்தன, போயின. மறுபடி வேறு எழுத்துகள் வந்தன.

“பாத்தியா” என்றார் மாமியார். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. “நேத்து என் மனசு சரியில்ல, அதான். கைராசின்னா சும்மாவா. இரு, என் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்றேன்.”

அலமாரிக்காரர் காபியை எடுத்து நிம்மதியாக ஒரு வாய் குடித்தார். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தார். அவள் திரையைப் பார்க்கவில்லை, தன் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தின் சாயல்கூட இல்லை.

“என்னம்மா, அதான் ஓடுதே.”

“எப்படி ஓடுது மாமா? காலையில வெச்ச மாதிரியேதான் இப்பவும் வெச்சேன். காலையிலயாவது பாத்துப் பாத்து வெச்சேன். இப்ப ஏனோதானோன்னு வெச்சேன். அப்ப நின்னுச்சு, இப்ப ஓடுது.” அவள் திருப்புளியை மேசையில் வைத்தாள். “எதனால நின்னுச்சுன்னு தெரியல. எதனால ஓடுதுன்னும் தெரியல. இதை நம்பி நான் எப்படி ஒருத்தர்கிட்ட வேலை வாங்கறது? பாதிப் படத்துல நின்னா என்ன சொல்லுவேன்? எங்க அத்தை ஊர்ல இல்ல, வந்து அழுத்தினதும் அனுப்பறேன்னா?”

கடைசியில் சொன்னது வேடிக்கைப் பேச்சுதான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கைபேசியில் தங்கையின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்த மாமியாரின் விரல் நின்றது.

“வேணாம் மாமா. கடைக்கே போயிடறேன். அங்க இருக்கற மிஷினெல்லாம் அவங்களோடது.”

அவள் பெட்டியை அணைக்கக் கையை நீட்டினாள். அலமாரிக்காரர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். யாருக்கும் தெரியாமல் தப்பைச் சரி செய்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும் என்று நினைத்தாரே, அது இப்போது அவள் தலையில் அல்லவா போய் விடிந்திருக்கிறது. சட்டைப் பைக்குள் விரலை விட்டார். பென்சில், மடித்த உப்புத்தாள், அதற்கும் அடியில் முளை. அதை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“இதுனாலதாம்மா” என்றார்.

மருமகள் முளையைப் பார்த்தாள். மாமியாரும் பார்த்தார்.

“நேத்து நீ மாடிக்குப் போனப்ப வெச்சேன். பலகை ஒரு ஓரமா தொங்குச்சு. அழுத்துனப்ப வளைஞ்சுது. ஒரு கால் கொடுத்தா நிக்குமேன்னு…” அவருக்கு நீளமாகப் பேசிப் பழக்கம் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாகத் தேட வேண்டியிருந்தது. “நீ சரியாத்தான் பூட்டியிருந்த. நேத்தும் சரி, இன்னிக்கும் சரி. உன் கையில எந்தக் குத்தமும் இல்ல. இப்ப நீ மேல போனப்ப நான்தான் எடுத்துட்டேன்.”

“இரும்போ பித்தளையோ பட்டா நின்னு போகும்னு காலையிலதானே சொன்னேன்.”

“ஆமா. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது.”

“அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் நான் திருப்பிப் பூட்டறதைப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்களா மாமா?”

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால் அது இன்னும் சுட்டது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். இந்த வயதில் மருமகள் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பையில் முளையோடு உட்கார்ந்திருந்ததை விட இது மேல் என்றும் இருந்தது.

நடுவில் மாமியார்தான் பேசினார். “அப்போ நேத்து நான் அழுத்துனப்ப…” என்று ஆரம்பித்து, கணவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். “ஒத்தைத் திருகாணியை வெச்சு வீட்ல ரெண்டு பொம்பளைங்க கையையும் சேத்து வாரிட்டீங்களே. நல்லா இருப்பீங்க.” சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் எதையோ யோசித்தார். மிக்ஸியையோ மோட்டாரையோ இருக்கலாம். தங்கைக்குப் போன் செய்கிற எண்ணம் போய்விட்டது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

மருமகள் முளையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினாள். அவளுக்குக் கோபம் வந்தது நன்றாகத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்து, உதடு இறுகி, பிறகு மெல்ல அது இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. அவள் பெட்டியின் கண்ணாடி வழியாக உள்ளே, விசிறி சுற்றுவதை உற்றுப் பார்த்தாள்.

“எந்த இடத்துல வெச்சீங்க?”

“இந்த ஓரம். கீழேயிருந்து மூணாவது ஓட்டை.”

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, யாரையும் கேட்காமல், பொத்தானை அழுத்தி அணைத்தாள். திரை இருண்டது. சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். பக்கக் கண்ணாடியைக் கழற்றி போர்வை மேல் சாய்த்து வைத்தாள். திருப்புளியை எடுத்தாள்.

மாமியார் பதறிப்போனார். “ஏம்மா, ஓடிட்டிருக்கறத எதுக்குப் பிரிக்கற? அதான் சரியாயிடுச்சுல்ல. நாளைக்குப் படம் அனுப்பணும்னியே.”

“ஓரம் தொங்குது அத்தை. மாமா பாத்தது நெசந்தான். இதுல இன்னும் ரெண்டு ஒயர் அழுத்திச் செருக வேண்டியிருக்கு. அப்ப வளைஞ்சு உடைஞ்சா என்ன பண்றது?” பேசிக்கொண்டே முதல் திருகை அவிழ்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். “தாங்கல் வேணும். இரும்பு பித்தளை இல்லாம.”

“ரப்பர் ஆகுமா?” என்றார் அலமாரிக்காரர். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று இருந்தது.

“என்ன ரப்பர்?”

“அலமாரிக் கதவு மரத்துல இடிக்காம இருக்க உள்பக்கம் ஒட்டுவோமே, பொட்டு மாதிரி. பட்டறையில தாள் தாளா இருக்கு.”

அவள் அடுத்த திருகை அவிழ்த்து வைத்தாள். “கொண்டாங்க” என்றாள்.

அவர் போன வேகத்தைப் பார்த்தால் முழங்கால் வலிக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தாளோடு திரும்பி வந்தபோது பலகை அட்டை மேல் இருந்தது. கொஞ்ச நேரம் முன்புவரை உயிரோடு இருந்த மிஷின் மறுபடி துண்டு துண்டாக மேசையெல்லாம் பரவிக் கிடந்தது. மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார், ஆனால் போகவில்லை. அலமாரிக்காரர் ஒரு பொட்டை உரித்து, அந்த மூணாவது ஓட்டைக்கு நேராகக் கையைக் கொண்டுபோனார்.

“நீங்க வெக்க வேணாம் மாமா” என்றாள் மருமகள். “டார்ச் மட்டும் பிடிங்க.”

அவர் கையை இழுத்துக்கொண்டார். பொட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய கைபேசியை வாங்கி டார்ச்சைப் போட்டுப் பிடித்தார். அவள் ஒரு பொட்டை ஒட்டினாள். அதன் மேல் இன்னொன்றை ஒட்டினாள். அவருடைய ஸ்கேலைப் பக்கத்து முளையின் தலையில் படுக்க வைத்து, குனிந்து பார்த்தாள். மயிரிழை உயரம் அதிகமாக இருந்தது. மேல் பொட்டை உரித்தெடுத்து, பிளேடால் மெலிதாகச் சீவி, ஊதிவிட்டுத் திரும்ப ஒட்டினாள். பலகையை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே இறக்கினாள். அடியில் இருந்த இடைவெளியில் ஒரு காகிதத் துண்டை நுழைத்து, எங்கே போகிறது, எங்கே தட்டுகிறது என்று ஓரம் முழுக்க மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள். அலமாரிக்காரரும் எட்டிப் பார்க்கக் குனிந்ததில் வெளிச்சம் நகர்ந்தது.

“ஆட்டாதீங்க மாமா” என்றாள், தலையை நிமிர்த்தாமலே. “இன்னும் கொஞ்சம் கிட்ட.”